பழைய எலக்ட்ரிக் கிட்டார்: கழுத்தில் தொடங்குங்கள்

நான் வாங்கிய முதல் பழைய கிட்டார் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நடுவில் தேன் நிறம், விளிம்பை நோக்கிப் போகப் போகக் கறுத்துவரும் சன்பர்ஸ்ட் பூச்சு. ஒரு கீறல் கிடையாது. ஆம்ப்ளிஃபையரில் செருகி நான்கு கார்டுகள் (பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகள்) வாசித்தேன், மனம் நிறைந்துவிட்டது, பணத்தைக் கொடுத்துவிட்டேன். மறுநாள்தான் தெரிந்தது: ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு (வீணையில் நாம் மெட்டு என்று சொல்வது) மேலே தடித்த கம்பிகள் எல்லாம் இரைகின்றன, மெல்லிய கம்பிகளோ விரலுக்கு எட்டாத உயரத்தில் நிற்கின்றன. ஈரத்துணியைப் பிழியும்போது துணி முறுக்கிக்கொள்வது போல, அதன் கழுத்து மிக மெல்ல முறுக்கியிருந்தது. பழுது பார்க்கும் மூன்று பேரிடம் காட்டினேன். புதுக் கழுத்து போட்டால்தான் உண்டு என்று மூவரும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எந்தக் கிட்டாரைப் பார்த்தாலும், ஒவ்வொரு குறையிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உன்னைச் சரிசெய்ய முடியுமா, முடியாதா? கரகரக்கும் குமிழ், துருப்பிடித்த திருகு, உயரமாக நிற்கும் கம்பி எல்லாம் ஒரு மாலைப் பொழுதில் சரியாகிவிடும். முறுக்கிய கழுத்து, உடைந்து மறைக்கப்பட்ட தலை, சுரண்டி எடுக்கப்பட்ட பழைய பூச்சு ஆகியவை திரும்பி வராது. விற்பவர்களில் பலர் முதல் வகைக் குறைகளைக் கண்டு பயந்து விலையைக் குறைத்துவிடுகிறார்கள். வாங்குபவர்களில் பலர் இரண்டாம் வகையைக் கவனிப்பதே இல்லை. நல்ல கிட்டார் கைக்கு வருவது இந்த இடைவெளியில்தான்.

ஆகவே முதலில் ஆம்ப்ளிஃபையரைத் தொடாதீர்கள். ஒலி மயக்கும். கிட்டாரின் உடலைத் தரையில் ஊன்றாமல் கையில் ஏந்தி, தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் கழுத்தின் விளிம்பு வழியே உடலை நோக்கிப் பாருங்கள். தச்சர் மரச்சட்டத்தின் நேர் பார்ப்பது போல. இரண்டு விளிம்புகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பிறகு உடலில் கம்பிகள் வந்து நிற்கும் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து பாருங்கள்: முதல் ஃப்ரெட்டும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தால் அது முறுக்கு. எத்தனை அழகான கிட்டாராக இருந்தாலும் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வளைவு வேறு கதை. ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 45 கிலோ எடை அளவுக்கு இழுக்கின்றன. அந்த இழுப்புக்கு எதிராகக் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி இருக்கிறது. அதைத் திருப்பி வளைவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். எவ்வளவு வளைவு இருக்கிறது என்று அறியக் கருவி வேண்டியதில்லை. ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். இழுபட்ட கம்பி நேர்க்கோல் ஆகிவிடும். ஏழு, எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. ஒரு மில்லிமீட்டர் இருந்தால் ட்ரஸ் ராடை முறுக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தால் தளர்த்த வேண்டும்.

இங்கேதான் கேட்கத் தயங்கக் கூடாத ஒன்றைக் கேட்க வேண்டும்: "ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பிப் பார்க்கலாமா?" நேர்மையாக விற்பவர் அனுமதிப்பார், அல்லது தானே திருப்பிக் காட்டுவார். ஏற்கெனவே முழுவதும் முறுக்கப்பட்டு, இனித் திரும்ப இடமில்லாமல், கழுத்து இன்னும் வளைந்தே இருந்தால் அதை வாங்காதீர்கள். கால் சுற்றுக்கு மேல் நீங்களாகத் திருப்பவும் வேண்டாம். பிறர் பொருளில் ராட் முறிந்தால் அந்தச் சங்கடம் நெடுநாள் நிற்கும்.

அடுத்து தலை. கிப்ஸன் நிறுவனத்தின் லெஸ் பால் போன்ற கிட்டார்களில் தலை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும்; வழக்கமாக 17 பாகை. கழுத்தும் தலையும் ஒரே மஹாகனித் துண்டிலிருந்து செதுக்கப்படுவதால், சாய்வு தொடங்கும் இடத்தில் மரத்தின் இழைகள் குறுக்கே வெட்டுப்படுகின்றன. போதாக்குறைக்கு, ட்ரஸ் ராடைத் திருப்பும் திருகுக்காக அதே இடத்தில் குழியும் தோண்டியிருப்பார்கள். கிட்டார் மல்லாந்து விழுந்தால் அங்கேதான் முறியும். பெட்டிக்குள் இருந்தபடியே விழுந்து முறிந்தவற்றையும் பார்த்திருக்கிறேன். ஃபெண்டர் நிறுவனக் கிட்டார்களின் தலை சாய்வில்லாத மேப்பிள் மரம். அவற்றில் இந்த முறிவு அரிது. 1970களில் கிப்ஸன் நிறுவனம் அந்த மெலிந்த இடத்தின் பின்புறம் சிறு திமில் போல மரத்தை விட்டு வலுவூட்டியது. சேகரிப்பாளர்கள் பலருக்கு அந்தத் திமில் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். கட்டைவிரலுக்கு அது ஓர் அடையாளக்கல், தவிர அந்தக் கழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன.

முறிந்து ஒட்டப்பட்ட தலை உள்ள கிட்டாரை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நன்றாக ஒட்டியிருந்தால் பல பத்தாண்டுகள் நிற்கும், விலையும் பெரிதும் குறையும். வாசிக்க மட்டுமே வேண்டும் என்பவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. மறைத்து விற்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கழுத்தும் தலையும் சேருமிடத்தில் கம்பிகளைத் தாங்கும் நட் என்ற சிறு பட்டைக்குப் பின்புறம் விளக்கொளியைச் சாய்வாக விழச்செய்து, விரல் நகத்தால் மெதுவாக வருடுங்கள். மயிரிழை போன்ற கோடு, மற்ற இடத்தைவிட அடர்ந்த நிறம், அந்தப் பகுதியில் மட்டும் புதுப் பளபளப்பு இவையெல்லாம் காட்டிக்கொடுக்கும். சிறிய புற ஊதா விளக்கு ஒன்றைப் பையில் வைத்திருங்கள். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு அந்த ஒளியில் மஞ்சள் கலந்த பச்சையாக மினுங்கும். பின்னால் பூசப்பட்ட இடம் கறுப்பாகவோ வேறு நிறமாகவோ திட்டாகத் தெரியும். இருட்டறையில் அந்த விளக்கைப் பிடித்துப் பார்க்கும்போது ஒரு கிட்டார் தன் மருத்துவ வரலாறு முழுவதையும் சொல்லிவிடுகிறது.

ஃப்ரெட்டுகள் தேயும் பொருள். தேய்வதில் குற்றமில்லை. எங்கே தேய்ந்திருக்கிறது என்பதுதான் செய்தி. முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் மட்டும் பள்ளம் என்றால் அதை வாசித்தவர் திறந்த கார்டுகளில், அதாவது சில கம்பிகளை அழுத்தாமலே மீட்டும் கார்டுகளில், வாழ்ந்தவர். பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவே மெல்லிய கம்பிகளின் கீழ் உச்சி தட்டையாகியிருந்தால் அவர் கம்பியை வளைத்து வளைத்துப் பாடவைத்தவர். ஒரு ஃப்ரெட்கூடத் தேயாத ஐம்பது வயதுக் கிட்டார் என்றால் எனக்குக் கொஞ்சம் யோசனை வரும். ஒன்று ஃப்ரெட்டுகளை மாற்றியிருப்பார்கள், இல்லையென்றால் யாருக்கும் அதை வாசிக்கப் பிடிக்கவில்லை. பள்ளங்கள் ஆழமில்லை என்றால் அராவிச் சமப்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் உலோகம் குறைகிறது. ஒன்றிரண்டு தடவைதான் தாங்கும். எல்லா ஃப்ரெட்டுகளையும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். பூச்சு போட்ட மேப்பிள் விரல்பலகையாக இருந்தால் அந்த வேலை கூடுதல், செலவும் கூடுதல்.

மெல்லிய முதல் கம்பியைப் பத்தாவது ஃப்ரெட்டிலிருந்து மேலே ஒவ்வொன்றாக ஒரு முழுச் சுரம் வளைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் ஒலி மூச்சுத் திணறி அடங்கினால் ஏதோ ஒரு ஃப்ரெட் உயர்ந்து நிற்கிறது. பிறகு மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மயிரிழை வெளிச்சம் இருந்தால் நட் நன்றாக இருக்கிறது. கடைசியாக, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்த ஒலியும் அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டெடுத்த ஒலியும் ஒத்துப்போகின்றனவா என்று சுரம் காட்டும் ட்யூனர் கருவியில் பாருங்கள். விலகினால் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலை நகர்த்திச் சரிசெய்யலாம். சேடிலை எல்லை வரை நகர்த்திய பிறகும் விலகல் நீடித்தால், கழுத்தையோ பிரிட்ஜையோ யாரோ இடம் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

இப்போது செருகலாம்.

குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் தெளிப்பானை உள்ளே அடித்து இருபது முறை திருப்பினால் பெரும்பாலும் போய்விடும். ஒவ்வொரு பிக்கப்பின் மேலும், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளின் மேலும், திருப்புளி முனையால் மெதுவாகத் தட்டுங்கள். சுவிட்சின் எந்த நிலையில் எந்தப் பிக்கப் விழித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒற்றைச் சுருள் பிக்கப் ரீங்கரிப்பது அதன் இயல்பு. நீங்கள் திரும்பி நிற்கும் திசைக்கேற்ப அது கூடும், குறையும். கம்பிகளைத் தொட்டதும் ரீங்காரம் தணிய வேண்டும். தணியாவிட்டால் பிரிட்ஜுக்குப் போகும் தரை இணைப்பு அறுந்திருக்கும். பத்து நிமிட சாலிடர் வேலை.

மல்டிமீட்டர் இருந்தால் கேபிளின் மறுமுனையில் வைத்து, வால்யூமை முழுவதும் திறந்து, மின்தடையை அளவிடுங்கள். ஃபெண்டர் வகை ஒற்றைச் சுருளுக்கு ஏறத்தாழ 5.5 முதல் 7 கிலோ ஓம், ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்பின் பழைய பாணிக்கு 7 முதல் 9 வரை காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. அந்தச் சுருளின் செம்புக் கம்பி பெரும்பாலும் 0.06 மில்லிமீட்டர் பருமன்தான், தலைமுடி அளவு. ஆயிரக்கணக்கான சுற்றுகளில் ஓரிடம் அறுந்தால் பிக்கப் ஊமையாகிவிடும். மீண்டும் சுற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது பழைய பிக்கப்பாக இருக்காது.

எல்லா ஊமையும் ஊமையல்ல என்பதை எனக்குக் கற்றுத்தந்தது ஒரு ஃபெண்டர் மஸ்டாங். 1964இல் மாணவர்களுக்கென்று வந்த சிறிய கிட்டார் அது. அதன் உரிமையாளர், ஓய்வுபெற்ற மனிதர், முன்கூட்டியே சொன்னார்: "ஒரு பிக்கப் சாகும் நிலையில் இருக்கிறது. தனியாகப் போட்டால் பரவாயில்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒலியே வற்றிப்போகிறது." வாசித்துப் பார்த்தேன். அவர் சொன்னபடியே, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போன்ற மெலிந்த ஒலி. ஆனால் மஸ்டாங்கில் ஒவ்வொரு பிக்கப்புக்கும் மூன்று நிலை கொண்ட தனித்தனி நகர்வு சுவிட்ச் உண்டு. நடு நிலை அணைப்பு; இரு ஓரங்களும் இயக்கம். ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் வேறுபாடு, மின் அலையின் திசை. இரண்டு பிக்கப்புகளும் எதிரெதிர்த் திசையில் இருந்தால் ஒன்றின் ஒலியை மற்றது அழித்துக்கொள்ளும். நான் ஒரு சுவிட்சை மறு ஓரத்துக்குத் தள்ளினேன். அறை முழுவதும் நிறைந்தது. அவர் கிட்டாரை என்னிடமிருந்து வாங்கி, அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் வாசித்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். பிறகு அவரே பெட்டிக்குள் வைத்து மூடினார். விலையை அவர் ஏற்றவில்லை. நானும் குறைக்கக் கேட்கவில்லை.

அந்த வற்றிய ஒலியைக்கூட வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீன் வாசித்த 1959 லெஸ் பாலில் ஒரு பிக்கப்பின் காந்தம் திசை மாறியிருந்தது. இரண்டையும் சேர்த்தால் மூக்கால் பாடுவது போன்ற அந்த ஏக்கக் குரல் வரும். பின்னால் அது கேரி மூரிடம் போனது, அதற்குப் பிறகு கிர்க் ஹாமெட்டிடம். யாரும் அதைத் 'திருத்த' முனையவில்லை.

வயதைக் கண்டறிவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லோரும் வரிசை எண்ணில் தொடங்குகிறார்கள். நான் அதில் முடிக்கிறேன். 1977 முதல் 2005 வரை வந்த பெரும்பாலான கிப்ஸன்களில் எட்டு இலக்க எண் உண்டு. முதல் இலக்கமும் ஐந்தாவதும் சேர்ந்தால் ஆண்டு. நடுவில் உள்ள மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 90320512 என்று இருந்தால் 1990, முப்பத்திரண்டாவது நாள், அதாவது பிப்ரவரி 1. படிக்க எளிது, போலி செய்யவும் எளிது. பழைய ஃபெண்டர்களில் எண் பொறித்த தகடு நான்கு திருகுகளில் நிற்கிறது. யாரும் கழற்றி வேறு கிட்டாரில் பொருத்தலாம். விற்பவர் சம்மதித்தால் கழுத்தைக் கழற்றி அதன் அடியில் பென்சிலாலோ முத்திரையாலோ இட்ட தேதியைப் பாருங்கள். குமிழ்களுக்கு அடியில், உடலுக்குள் இருக்கும் பாகத்தின் முதுகிலும் எண் இருக்கும். 1376612 என்றால், 137 என்பது அதைச் செய்த சி.டி.எஸ். நிறுவனம், அடுத்து 1966ஆம் ஆண்டு, பன்னிரண்டாவது வாரம். கிட்டார் அந்த வாரத்துக்கு முன் செய்யப்பட்டதல்ல என்று மட்டும்தான் அது சொல்லும்; மொத்தமாக வாங்கி வைத்த குமிழ்களைச் சில ஆண்டுகள் கழித்தும் பொருத்தியிருக்கிறார்கள். தேதி, குமிழ், திருகுத் துளை, மங்கிய சாலிடர், கம்பி உறை எல்லாம் ஒரே கதையைச் சொன்னால் நம்புங்கள். ஒன்று மட்டும் மாறிச் சொன்னால் கேள்வி கேளுங்கள்.

விளம்பரச் சொற்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். '1965க்கு முந்தையது' என்ற சொல் ஃபெண்டரை சி.பி.எஸ். நிறுவனம் வாங்கிய ஜனவரி 1965ஐக் குறிக்கிறது. அந்தக் கோட்டின் இரு பக்கமும் நல்லதும் கெட்டதும் வாசித்திருக்கிறேன். 'வழக்கு கிட்டார்' என்று எழுபதுகளின் ஜப்பானிய நகல்கள் எல்லாவற்றையும் அழைக்கிறார்கள். உண்மையில் 1977இல் கிப்ஸன் தரப்பு தொடுத்த வழக்கு ஐபனேஸ் என்ற ஜப்பானியக் கிட்டார்களின் தலை வடிவம் பற்றியது மட்டுமே. அதுவும் நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்துவிட்டது. அந்த நகல்களில் சில அற்புதமானவை. அற்புதமா என்று சொல்ல வேண்டியது உங்கள் விரல்கள்.

எதைச் சேர்ப்பது? நான் சேர்ப்பது மாணவர் கிட்டார்களும், பாகங்கள் மாறிய கிட்டார்களும். 1954இல் வந்த லெஸ் பால் ஜூனியரில் ஒரே ஒரு பிக்கப். அதற்கு மேல் எதுவும் அந்தக் கிட்டாருக்குத் தேவைப்படவில்லை. டேனெலெக்ட்ரோ நிறுவனக் கிட்டாரின் உடல், மரச்சட்டத்தின் மேல் ஒட்டிய அழுத்திய மரநார்ப் பலகை. பிக்கப்புகளை மூடியிருப்பது உதட்டுச்சாயக் குழாய். மலிவாகச் செய்யப் புறப்பட்டு, வேறெதிலும் கிடைக்காத ஒலியில் வந்து நின்றார்கள். பாகம் மாறியதைச் சேகரிப்பாளர்கள் ஒதுக்குவதால் அவற்றின் விலை இறங்குகிறது. கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில் நகரில் ஆறு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை வாங்கி, மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதி மூன்றின் நல்ல பாகங்களை ஒன்றாக்கினார். 'பிளாக்கி' என்று பெயர் பெற்ற அந்தக் கலவையைத்தான் பல ஆண்டுகள் மேடையில் வாசித்தார்.

நாடு கடந்து வாங்குவதாக இருந்தால் விரல்பலகையின் மரத்தைக் கேளுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதிச் சான்று இல்லாமல் எல்லையைத் தாண்டக் கூடாது. மற்ற ரோஸ்வுட் வகைகள் 2017இல் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. முழுமையாகச் செய்யப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019இல் அதிலிருந்து விலக்குக் கிடைத்தது. குளிரில் பயணம் செய்து வந்த பெட்டியை உடனே திறக்காதீர்கள். சில மணி நேரம் அறையில் இருக்கட்டும். திடீர் வெப்பத்தில் நைட்ரோ பூச்சு கண்ணெதிரே விரிசல் விடும்.

வீட்டில் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருந்தால் மரம் அமைதியாக இருக்கும். சில தாங்கிகளின் ரப்பர் நைட்ரோ பூச்சைக் கரைத்துவிடும். பருத்தித் துணி சுற்றுங்கள். பழைய செல்லுலாயிட் பிக்கார்டு (உடலைக் கீறலிலிருந்து காக்கும் தகடு) உள்ளதை மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். அது வெளிவிடும் ஆவி உலோகப் பாகங்களை அரிக்கும். பழைய பூச்சைப் பாலிஷ் போட்டுப் புதிதாக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். முழங்கை தேய்த்து மரம் தெரியும் அந்த இடம் யாரோ ஒருவரின் பத்தாயிரம் மாலைகள்.

எதைக் கழற்றினாலும் எறியாதீர்கள். கம்பி முறுக்கும் பழைய ஆணி, வெடித்த குமிழ், ஒரு திருகு ஆனாலும் சிறு பையில் போட்டு அந்தக் கிட்டாரின் பெட்டியிலேயே வையுங்கள். கூடவே ஒரு தாள்: என்ன மாற்றினீர்கள், எப்போது, யாரிடமிருந்து வந்தது, என்ன குறை தெரியும். அடுத்து வாங்குபவருக்கு நீங்கள் தரும் நேர்மை அது. என் மஸ்டாங்கின் பெட்டியில் இருக்கும் தாளில் நட் மாற்றிய தேதியும், ஃப்ரெட்டுகளை அராவிய தேதியும் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, "இரண்டாவது பிக்கப் நன்றாகவே இருக்கிறது. ஒலி மெலிந்தால் சுவிட்சை மறு ஓரத்துக்குத் தள்ளவும்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.